திங்கட்கிழமையே பிரித்த கடிதம்

மாதத்துக்கு ஒரு தடவை ஓய்வூதியம் வாங்கத் தபால் கந்தோருக்குப் போனால், உள்ளே இருக்கும் பிள்ளைகள் நாற்காலி போட்டு எனக்கு பிளேன்டீ வரவழைப்பார்கள். முப்பத்து நாலு வருடம் முத்திரை குத்தியவன் என்ற மரியாதை. போன மாதம் நான் போன நேரம் அவசரகாலச் சட்டத்தை மறுபடியும் நீட்டியிருந்தார்கள். கவுன்டரில் இருக்கும் பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "ஐயா, ஒங்க காலத்துலயும் சனங்களோட கடிதத்தயெல்லாம் ஒடச்சுப் பாத்தாங்களாமே, நெசமா?"

உடைக்கவில்லை. உடைப்பது திருடன் செய்கிற காரியம். நாங்கள் அரசாங்க உத்தியோகத்தர்கள். கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்து, அந்தச் சூட்டில் கடிதத்தின் முதுகைக் காட்டி, நோகாமல் பிரித்தோம். படித்தோம். பிறகு நோகாமல் ஒட்டினோம். நாடு பிழைத்தது. எப்படிப் பிழைத்தது என்பதைக் கவுன்டரில் நின்றுகொண்டு சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நான் திம்புள்ளப் பக்கம் ஒரு தோட்டத்துப் பெரிய கங்காணியின் மகன். நாடு சுதந்திரமடைந்த கையோடு, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த எங்கள் சனத்தில் பெரும்பாலானோர் எந்த நாட்டுக்காரர் என்று யாருக்குமே தெரியாமல் போய்விட்டது. அப்பா மட்டும் கந்தோர் கந்தோராக நடையாய் நடந்து எங்களுக்கு ஒரு பிரஜாவுரிமைக் கடதாசி வாங்கிவிட்டார். அந்தக் கடதாசியும் ஹட்டனில் படித்த படிப்பும் சேர்ந்து என்னைத் தபால் இலாகாவில் கொண்டுபோய் விட்டன. கொழும்பில் ஆறு மாதப் பயிற்சி. தந்தி தட்டவும், சாக்குக்கு அரக்கு வைக்கவும், கோபக்காரச் சனத்திடம் சிரிக்கவும் பழகினேன். முதல் நாளே எங்களை ஒரு சமாதான நீதவான் முன்னால் வரிசையாக நிறுத்தி, பிறர் கடிதத்தைத் திறக்கமாட்டேன், திறக்கவிடவும் மாட்டேன் என்று சத்தியம் வாங்கினார்கள். நான் உரக்கவே சொன்னேன். அப்போது எனக்கு இருபத்தோரு வயது, அடுத்தவர் கடிதத்தில் என்ன இருக்கிறது என்ற ஆசையே இல்லாத வயது.

பிறகு ஹட்டனுக்கு அப்பால் ஒரு சின்னக் கடைத்தெருவில் இருந்த தபால் கந்தோருக்கு வந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கே கடை வைத்திருக்கிறார்கள்.

எங்கள் தபால் அதிபர் சதாசிவம் யாழ்ப்பாணத்துக்காரர். அறுபது வயதுக்குரிய முகமும் ஐம்பது வயதுக்குரிய நடையும் கொண்டவர். சட்டப் புத்தகத்தில் இல்லாத எதையும் செய்யமாட்டார். இருப்பதை விடவும் மாட்டார். பேனையை மூடி போட்டுத்தான் மேசையில் வைப்பார். "அவசரம் எண்டாலும் மூடி போட ஒரு செக்கன் தான் ஐசே" என்பார். மழைக்காலத்தில் எல்லாரும் கம்பளிக்குள் நடுங்கும்போது அவர் மட்டும் கோட்டின் மூன்று பொத்தானையும் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

1959-ஆம் வருடம் பிரதமரைச் சுட்ட செய்தி காலையில் தந்தியில் வந்தது. நான்தான் கேட்டு எழுதினேன். பாதி எழுதியதும் கை நின்றுவிட்டது. கருவி நிற்கவில்லை, அது பாட்டுக்குத் தட்டிக்கொண்டே இருந்தது. கடதாசியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது சதாசிவம் ஐயா எழுந்து நின்று படித்தார். படித்துவிட்டு, ஏற்கெனவே போட்டிருந்த பொத்தான்களை மறுபடி ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். மறுநாள் பிரதமர் இறந்துவிட்டார்.

அந்த மனிதருடைய அரசாங்கம் எங்களுக்கு வாரி வழங்கிவிட்டது என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் தன் வீட்டு வாசலுக்கு வந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்தவரைச் சுட்டுக் கொல்வது எந்த ஊர் நியாயம்? கடைத்தெரு முழுக்கக் கதவடைத்தது. துணிக்கடை முதலாளி, முஸ்லிம், கடை வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். சதாசிவம் ஐயா அழவில்லை. கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட வேண்டும் என்று உத்தரவு வந்ததும், அடிக்கோலை எடுத்துக்கொண்டு வெளியே போய், கம்பத்தை அளந்து, சரிபாதியில் சுண்ணாம்புக் கோடு போட்டார். "அரை எண்டால் அரை" என்றார். கொடி நனைந்து கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

துக்கத்துக்குப் பின்னாலேயே சட்டம் வந்தது. கூட்டம் கூடாதே, ஊர்வலம் போகாதே, சுவரில் ஒட்டாதே. எங்கள் கந்தோர் விறாந்தையில் ஜயசேன என்று ஒரு பொலீஸ்காரரைக் குண்டு போட்ட துவக்கோடு உட்காரவைத்தார்கள். கூடவே, இரகசியம் என்று சிவப்பில் எழுதிய உறை ஒன்று சதாசிவம் ஐயாவுக்கு வந்தது. இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வரும் கடிதங்களைப் பார்வையிட வேண்டும், தமிழ் படிக்கத் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவரை நியமிக்க வேண்டும், பார்வையிடுவதை வெளியே சொன்னால் சிறை.

சுட்டவரைச் சுட்ட இடத்திலேயே பிடித்துவிட்டார்கள் என்பது அப்போது கைக்குழந்தைக்கும் தெரியும். அவர் துறையூர்ப் பக்கத்திலிருந்து கடிதம் போட்டவரும் இல்லை, தோட்டத்து லயக் குடியிருப்பில் கடிதம் வாங்கியவரும் இல்லை. வைக்கோல்போர் எரிந்தது ஒரு தெருவில், வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியது வேறு தெருவில். அதை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், முந்தின வருடக் கலவரத்தில் எங்கள் தெருவைக் காப்பாற்றியது இதே அவசரகாலச் சட்டமும் ஊரடங்கும் தான். சட்டமே வேண்டாம் என்று மேடையில் பேசுகிற ஆள் நான் இல்லை.

"நீர் தான் பார்க்க வேணும்" என்றார் சதாசிவம் ஐயா.

"ஐயா, நாங்க சத்தியம் பண்ணியிருக்கோமே, கடிதத்தத் திறக்கமாட்டோம்னு."

"ஆர் திறக்கச் சொன்னது? வடிவா வாசியும். பார்வையிடுறது எண்டுதான் கிடக்கு."

பார்சல் அறையை அதற்கென்று ஒதுக்கினோம். மண்ணெண்ணெய் அடுப்பு, கேத்தல், எலும்புக் காம்பு வைத்த ஒரு மெல்லிய கத்தி, பசைப் போத்தல். முறை இதுதான். கடிதத்தைக் கேத்தல் மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும். கிட்டப் பிடித்தால் மை ஊறும். உள்ளங்கைச் சூடு பொறுக்கும் வரை எண்ண வேண்டும். பிறகு கத்தியை ஓரத்திலிருந்து உள்ளே விட வேண்டும், நடுவில் குத்தக் கூடாது. படித்ததும் மூன்று இடத்தில் மட்டும் பசை. தடவியதைத் தராசுப் படிக்கல்லுக்கு அடியில் வைத்தால் காய்ந்த பிறகு ஒட்டிய தடமே தெரியாது. இதை எல்லாம் சதாசிவம் ஐயா எனக்குக் கற்றுத் தந்தார். அவருக்கு யார் கற்றுத் தந்தார்கள் என்று நான் கேட்டதில்லை. ஒவ்வொரு கட்டு முடிந்ததும் அவர் பின்பக்கக் குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு வருவார்.

படித்ததை ஒரு தடித்த பதிவேட்டில் எழுத வேண்டும். தேதி, அனுப்பியவர், பெறுபவர், சுருக்கம். கடைசிக் கட்டத்தில் ஆட்சேபம் உண்டா, இல்லையா. வெள்ளிக்கிழமைகளில் கண்டியிலிருந்து ஒரு விசேட அதிகாரி வந்து அந்த வாரக் கடிதங்கள் அத்தனைக்கும் கையெழுத்திடுவார். அவர் கையெழுத்திட்ட பிறகுதான் கடிதங்கள் வெளியே போகலாம். அவருக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. பதிவேட்டை ஆங்கிலத்தில் தான் எழுதினேன் என்றாலும் அதையும் அவர் படித்ததை நான் பார்த்ததில்லை. தேயிலைப் பொட்டலம் ஒன்றை வாங்கி மோந்து பார்த்துக்கொண்டே மற்றக் கையால் கையெழுத்துப் போடுவார்.

அந்தப் பதிவேட்டை இன்றைக்கு யாராவது எடுத்துப் பார்த்தால் அரசாங்கத்துக்கு எதிரான சதிகளைக் காணலாம். பசு கிடாரிக் கன்று ஈன்றது, ஆட்சேபம் இல்லை. மூத்த மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீடு போய்விட்டாள், ஆட்சேபம் இல்லை. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, ஆட்சேபம் இல்லை. பெரியப்பாவுக்குக் காது கேட்கவில்லை, ஆட்சேபம் இல்லை. முதல் வாரம் கூச்சமாக இருந்தது. இரண்டாம் வாரம் எனக்கு அதில் ஒரு ருசி தட்டிவிட்டது. ஒரு சம்பந்தம் முறிந்ததா கூடிற்றா என்று அடுத்த கடிதத்துக்காகக் காத்திருக்கக்கூடத் தொடங்கினேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

இனி சுப்பையா அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆத்தோரத் தோட்டம் என்று சனம் சொல்லும் தோட்டத்தின் தப்பால்காரர் அவர். தினமும் பித்தளைப் பூட்டுப் போட்ட தோல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாலு கட்டைத் தூரம் நடந்து வருவார். பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று துரை கந்தோரில், ஒன்று எங்களிடம். நடுவில் சுமக்கிற அவரிடம் சாவி கிடையாது. நாற்பத்தைந்து வயதிருக்கும். கறுப்புக் கம்பளியைத் தலையோடு மூடிக் கொங்காணி போட்டிருப்பார். நான் எந்தத் தோட்டம், யார் மகன் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து என்னைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். மற்றவர்களுக்கெல்லாம் நான் கிளாக்கர் ஐயா. பையை மேசையில் வைத்ததும் தினமும் ஒரே கேள்வி.

"நமக்கு ஏதும் உண்டா தம்பி?"

தோட்டத்துக் கடிதம் எல்லாம் பைக்குள் போய்விடும். அவருக்கு வருவதை மட்டும் நான் எடுத்துக் கையில் கொடுப்பேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்தை வைத்துக்கொண்டு, விறாந்தையில் உட்கார்ந்து, விரல் வைத்து வாய்க்குள் முணுமுணுத்து அவரே படிப்பார். பக்கத்தில் ஜயசேன துவக்கைச் சாத்திவைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். இருவரும் சிங்களத்தில் ஊர்க்கதை பேசிக்கொள்வார்கள். அண்ணனின் பீடியில் தினமும் ஒன்று ஜயசேனவுக்கு.

மூன்றாம் வாரத் திங்கட்கிழமை நான் பிரித்த கட்டில் சுப்பையா அண்ணனின் தம்பி எழுதிய கடிதம் இருந்தது. "ஆத்தா நேற்று வெள்ளிக்கிழமை விடியக்காலம் காலமாகிவிட்டாள்" என்று தொடங்கியது. எழுதி ஒன்பது நாள் கழித்து வந்திருந்தது. கடைசிவரை மூத்தவன் பேரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாளாம். இந்தச் சனிக்கிழமை பதினாறாம் நாள். "நீ வந்து சேர முடியாது. மூத்தவன் நீ, அங்கே ஆற்றில் இறங்கி மொட்டை போட்டுச் செய்ய வேண்டியதைச் செய். நாங்கள் இங்கே செய்கிறோம்" என்று எழுதியிருந்தது.

படித்தேன். பதிவேட்டில் எழுதினேன். தாயார் மரணம், பதினாறாம் நாள் சடங்கு சனிக்கிழமை, ஆட்சேபம் இல்லை. மூன்று இடத்தில் பசை வைத்துத் தராசுக்கல்லுக்கு அடியில் வைத்தேன். அரை மணி நேரத்தில் சுப்பையா அண்ணன் பையோடு வந்து நின்றார்.

"நமக்கு ஏதும் உண்டா தம்பி?"

"இல்லண்ணே" என்றேன்.

சதாசிவம் ஐயாவிடம் போய்க் கெஞ்சினேன். இந்த ஒன்றை மட்டும் இப்போதே கொடுத்துவிடுவோம் என்றேன். "வெள்ளிக்கிழமை கையெழுத்து வைக்காமல் ஒண்டும் போகாது. இண்டைக்கு இதுக்கு இரங்கினால் நாளைக்கு எல்லாத்துக்கும் இரங்க வேணும்" என்றார். சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனார். அன்றைக்கு அதிக நேரம் கழுவினார்.

செவ்வாய்க்கிழமையும் அண்ணன் கேட்டார், இல்லை என்றேன். புதன்கிழமை இல்லை என்றதும், பிரதமர் இறந்த வாரம் தோட்டத்தில், விடியற்காலம் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டில், வேலை மேற்பார்க்கும் கண்டாக்கையா நடத்திய அஞ்சலியைப் பற்றிச் சொன்னார்.

"கண்டாக்கையா பெரட்டுல வந்து, பெரதமருக்காக ரெண்டு நிமிசம் ஆடாம அசையாம சத்தம் போடாம நிக்கணும்னாரு. பெரட்டுல நாங்க என்னைக்குத் தம்பி ஆடியிருக்கோம், சத்தம் போட்டிருக்கோம்? எப்பவும் போலத்தான் நின்னோம். தொரைக்கு ரொம்ப சந்தோசம், என்னா மரியாதைன்னு தொப்பியக் கழட்டிட்டாரு."

நான் சிரித்துவிட்டேன். வாய்விட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். அவருடைய தாய் செத்துப் பதின்மூன்றாம் நாள் அது. வியாழக்கிழமையும் இல்லை என்றேன்.

வெள்ளிக்கிழமை விசேட அதிகாரி தேயிலையை மோந்துகொண்டே கையெழுத்துப் போட்டார். மதியம் அண்ணன் கேட்டபோது கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். முகத்தைப் பார்க்கவில்லை. முத்திரைக் கட்டையைத் துடைக்கிறவன் போலக் குனிந்துகொண்டேன். அவர் விறாந்தைக்குப் போய் விரல் வைத்துப் படித்தார். முணுமுணுப்பு நடுவில் நின்றுவிட்டது. பிறகு எழுந்து, கடிதத்தை நாலாகக் கிழித்து, அதை எட்டாகக் கிழித்து, இன்னும் பொடியாகக் கிழித்து, விறாந்தை ஓரத்து வடிகாலில் போட்டார். தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குழாயடியை நோக்கி நடந்தார்.

இழவுக் கடிதத்தை எங்கள் சனம் வீட்டுக்குள் கொண்டுபோகாது. படித்த இடத்திலேயே கிழித்துப் போட்டுவிட்டு, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் வாசலை மிதிக்கும். கடதாசியை வைத்திருந்தால் இழவும் வீட்டோடு தங்கிவிடும் என்று ஒரு பயம். எனக்கு அது தெரியும். ஜயசேனவுக்குத் தெரியாது. அவர் பாவம், மூன்று வாரமாக உட்கார்ந்த இடத்தில் எழுதிக் கொடுக்க ஒன்றுமே அகப்படாமல் மேலிடத்தில் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தவர். இந்தியாவிலிருந்து வந்த கடிதத்தை ஒருவன் படிக்கிறான், முகம் மாறுகிறது, பொடிப்பொடியாகக் கிழிக்கிறான், தண்ணீரில் போடுகிறான், ஓடப் பார்க்கிறான். பாய்ந்து பிடித்துவிட்டார். மழைத் தண்ணீர் வடிகாலில் துண்டுகளை அடித்துக்கொண்டு போய்விட்டது. அகப்பட்டது நாலைந்து துண்டு. அதில் எழுத்துக்குப் பதில் நீல மைக் கறைதான் இருந்தது.

கந்தோர் மூடியதும் பொலீஸ் நிலையத்துக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் ஈரத் துண்டுகளை ஒற்றுத் தாளில் வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. எனக்கு நாற்காலி காட்டினார்.

"தாய் செத்த கடிதம் என்கிறான். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்" என்றார் சிங்களத்தில். "கொழும்பில் வாசலில் நின்றவர்களை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதால் நாட்டின் பிரதமரே போய்விட்டார். நான் கேட்காமல் விடமாட்டேன். திங்கட்கிழமை மேலதிகாரி வரட்டும், அவர் முடிவு செய்வார்."

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. கேட்கத்தான் வேண்டும். கேட்டதற்கு வந்த பதிலை நம்புவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டுக் கேட்பது என்ன கேள்வி என்பது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

கம்பிக்குப் பின்னால் சுப்பையா அண்ணன் குந்தியிருந்தார். தலையில் இன்னும் தண்ணீர் ஊற்றவில்லை. என்னைக் கண்டதும் எழுந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ஆத்தா போயிட்டா. நாளைக்குப் பதினாறு. மூத்தவன் தம்பி நானு, விடிஞ்சா ஆத்துல எறங்கணும். எம் பேரச் சொல்லிக்கிட்டேதான் செத்துருக்கா. நீங்கதான கடிதத்த எடுத்துக் குடுத்தீங்க. அது எழவுக் கடிதம்னு ஒரு வார்த்த சொல்லுங்க தம்பி, விட்டுருவாங்க."

இன்ஸ்பெக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சிறை என்று எழுதியிருந்த இரகசியக் கடதாசி கண்ணுக்குள் வந்தது. அப்பா நடையாய் நடந்து வாங்கிய கடதாசியும் வந்தது.

"நான் கையில குடுத்தேன்ணே. படிக்கலையே. எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

இன்ஸ்பெக்டர் முறைப்படி ஒரு கடிதம் எழுதி எங்கள் கந்தோருக்கு அனுப்பினார். மேற்படி கடிதத்தின் உள்ளடக்கம் பற்றித் தபால் அதிபருக்கு ஏதும் தெரியுமா? சதாசிவம் ஐயா அதே பின்னேரம், மூடிய கந்தோரை மறுபடி திறந்து, ஒற்றை விரலால் தட்டச்சில் பதில் அடித்தார். பிறர் கடிதங்களில் என்ன எழுதியிருக்கிறது என்பதை இந்தத் திணைக்களம் அறிந்திருப்பதில்லை. கடிதங்களின் இரகசியம் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட குடிமக்களின் உரிமை. மூன்று வாரமாக இருநூறு முந்நூறு கடிதத்தைக் கேத்தலில் காட்டியபோது நினைவுக்கு வராத அந்த உரிமை, ஒரே ஒரு மனிதன் தன் கடிதத்தைப் பற்றி ஊரறியச் சொல்லுங்கள் என்று கும்பிட்டபோது சட்டென்று நினைவுக்கு வந்துவிட்டது. எழுதியதை இருமுறை படித்துத் திருத்தம் பார்த்து, மூடி போட்ட பேனையைத் திறந்து கையெழுத்திட்டார்.

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "ஐயா, ஒங்க தாயார் செத்தப்ப ஒங்களுக்கு எத்தன நாள் கழிச்சுச் சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஏச்சு விழப்போகிறது என்று நின்றேன். கோட்டுப் பொத்தான் ஒன்றைக் கழற்றினார். அதை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

"நாளைக்குக் காலமை நான் கோயிலுக்குப் போறன்" என்றார். "எட்டரைக்குத்தான் வருவன். பதிவேடு அலுமாரிக்குள்ள பூட்டிக் கிடக்கு. திறப்பு எங்க இருக்கெண்டு உமக்குத் தெரியாது. என்ர மேசையில வலப்பக்க லாச்சிக்குள்ள, கோந்துப் போத்தலுக்குப் பின்னால இருக்கிறது உமக்குத் தெரியாது. விளங்குதோ?"

"விளங்குதுங்க ஐயா."

"தெரியாது எண்டெல்லோ சொன்னனான்."

சனிக்கிழமை ஏழு மணிக்கு, எனக்குத் தெரியாத இடத்திலிருந்து சாவியை எடுத்துப் பதிவேட்டைக் கம்பளிக்குள் சுற்றிக்கொண்டு பொலீஸ் நிலையத்துக்கு நடந்தேன். மேசையில் வைத்து அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினேன். இன்ஸ்பெக்டர் ஒரு வரியைப் படித்தார், அதற்கு மேலும் கீழும் இருந்ததைப் படித்தார். பசு கன்று ஈன்றதையும் பெரியப்பாவின் காதையும் படித்தார். கடிதங்கள் பிரிக்கப்படுவது அவருக்குத் தெரியாததா என்ன? தெரியும் என்பது இப்போது எழுத்தில் வந்துவிட்டதுதான் அவருக்குச் சங்கடம்.

"இதை நீ எனக்குக் காட்டியதற்கு உன்னை நான் பிடிக்க வேண்டும்" என்றார்.

"பிடிங்க ஐயா. அவர மொதல்ல விடுங்க, நேரம் போகுது" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் அந்த வரியை மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு பதிவேட்டைக் கையிலெடுத்துக்கொண்டு கம்பிக்குப் போய், ஜயசேனவைத் திறக்கச் சொன்னார். சுப்பையா அண்ணனிடம் சிங்களத்தில், ஆறுதலாகத்தான் சொன்னார்: "உன் தாய் செத்தது மெய்தான். நீ பொய் சொல்லவில்லை. இதோ, திங்கட்கிழமையே எழுதிவைத்திருக்கிறார்கள்."

தினமும் ஜயசேனவோடு ஊர்க்கதை பேசியவருக்குச் சிங்களம் நன்றாகவே விளங்கும். துண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். ஜயசேன ஒரு பீடியை நீட்டினார், வாங்கவில்லை. நான் பின்னாலேயே நடந்தேன். தோட்டத்துக்குத் திரும்பும் பாலம் வரைக்கும் அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பாலத்துக்குக் கீழே ஆற்றங்கரையில் அவர் மனைவியும் மைத்துனர்மாரும் நாவிதரும் காத்திருந்தார்கள். முந்தின நாள் நிலையத்திலிருந்து அவர் சொல்லியனுப்பிய ஒரே செய்தி அவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அது தபாலில் போகாததால் நேரத்துக்குப் போயிருந்தது.

இறங்கும் இடத்தில் நின்று திரும்பினார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"திங்கக்கிழமையே தெரியுங்களா, ஐயா?"

அவர் என்னை ஐயா என்றது அதுதான் முதல் தடவை. ஆமென்று தலையை ஆட்டினேன்.

"நாலு நாளும் கேட்டேனே, ஐயா. நமக்கு ஏதும் உண்டான்னு."

அவ்வளவுதான் சொன்னார். கீழே இறங்கிப் போய் நாவிதர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார். நான் பாலத்தின் மேலேயே நின்றேன். மொட்டை போட்டுத் தண்ணீருக்குள் இறங்கினவர் எழுந்தபோது, முகத்தில் வழிந்தது எது ஆற்றுத் தண்ணீர், எது அழுகை என்று அங்கிருந்து தெரியவில்லை.

திங்கட்கிழமை சதாசிவம் ஐயா, அலுமாரித் திறப்பைத் தம் அனுமதியின்றி நான் எடுத்ததாகவும் இரகசியப் பதிவேட்டை வெளியாருக்குக் காட்டியதாகவும் மேலிடத்துக்கு அறிக்கை எழுதினார். அனுப்புமுன் என்னிடம் படித்துக் காட்டிப் பிழை ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். பிழை இருக்கவில்லை. இன்ஸ்பெக்டர் என்ன எழுதினாரோ தெரியாது, சிறை வரவில்லை. இரண்டு மாதத்தில் கிழக்கே ஒரு வெயில் ஊருக்கு மாற்றல் வந்தது. பதிவேட்டைப் பூரணப்படுத்தி ஒப்படைத்தபோது எண்ணிப் பார்த்தேன், கடைசிக் கட்டத்தில் ஆட்சேபம் உண்டு என்று எழுதிய வரி ஒன்றுகூட இல்லை.

அந்த இரண்டு மாதமும் சுப்பையா அண்ணன் வழமைபோல் வந்தார். பையை மேசையில் வைப்பார், பூட்டியதை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு போவார். அவர் பெயருக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. நானே எடுத்து நீட்டினேன். வாங்கியதும் முன்பக்கத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைத் திருப்பி, ஒட்டியிருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு மடியில் செருகிக்கொண்டார். தனக்கு ஏதும் உண்டா என்று என்னிடம் கேட்கவே இல்லை.